தொட்டி வாயில் நிற்பவருக்கு ஒரு பாடம்
(தொழிலிடங்களுக்கான மின்வழிப் பாடங்களை அமைக்கும் முறை பற்றி)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவர்

கல்வி என்பது கல்லூரி வாயிலோடு முடிந்துவிடுவதன்று. பட்டம் பெற்று வேலைக்குச் செல்பவரும், பட்டம் பெறாமலே வேலைக்குச் சென்றவரும் தொழிலிடத்தில் நாள்தோறும் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டேதான் இருக்கின்றனர். முன்பெல்லாம் இக்கல்வியை மூத்த தொழிலாளி இளையவருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். இன்று அதன் ஒரு பகுதி கணினித் திரைக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. வங்கியிலும், மருத்துவமனையிலும், ஆலையிலும் ‘இப்பாடத்தை இத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும்’ என்று ஊழியர்க்குக் குறுஞ்செய்தி வருகிறது. மத்திய அரசு ஊழியர்க்கான ‘கர்மயோகி’ திட்டத்திற்கு 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின், அரசு அலுவலகங்களிலும் இவ்வகைப் பயிற்சி வேரூன்றிவிட்டது.

நான் பார்த்த பாடங்களுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் நிறுவனத்தின் முத்திரை, அடுத்து முகவுரை, அதன்பின் வரையறைகள், நாற்பது ஐம்பது பக்கங்கள், இறுதியில் பத்து வினாக்கள், அவற்றுள் எட்டுக்குச் சரியான விடை தந்தால் சான்றிதழ். ‘அடுத்து’ என்னும் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எவரும் இப்பாடத்தை முடித்துவிடலாம். முடித்தவர் மறுநாள் காலையில் தம் வேலையை வேறு விதமாகச் செய்கிறாரா? இவ்வினாவை எழுப்பாமல் அமைக்கப்பட்ட பாடம், எத்தனை வண்ணப் படங்கள் இருப்பினும், பாடமாகாது. இதனைப் பொதுப்படச் சொல்வதைவிட, ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆராய்வதே நன்று எனக் கருதுகிறேன். சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை அது. வேதியியல் மாணவன் என்ற முறையிலும், சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்த பொருள் அது.

நாற்றம் நின்றால் நலமா?

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சோடியம் சல்பேட் என்னும் உப்பைச் சேர்ப்பதுண்டு. அது கழிவுநீரோடு கலந்து தொட்டிக்கு வருகிறது. தொட்டியின் அடியில் சேறு படிகிறது. காற்றுப் புகாத அச்சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஒடுக்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. ஆய்வகத்தில் கிப் கருவியின் அருகே நின்றவர்க்கு அதன் அழுகிய முட்டை நாற்றத்தை நான் விளக்கவேண்டுவதில்லை.

நம் மூக்கு இவ்வாயுவை மிகச் சிறிய அளவிலேயே கண்டுகொள்ளும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டியதும் முகரும் நரம்பே செயலற்றுப் போகிறது. நாற்றம் மறைகிறது, நஞ்சு மறையவில்லை. ‘முதலில் நாறியது, இப்போது ஒன்றுமில்லை’ என்று ஒருவர் உள்ளே சொல்வாராயின், அதுவே பேராபத்தின் அறிகுறி. ஏறத்தாழ 1000 பங்கு அளவில் ஓரிரு மூச்சுகளிலேயே மனிதர் சாய்ந்துவிடுவார். வாயுவின் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. ஆதலால் அது மேலெழுந்து கலைந்து போகாமல் தொட்டியின் அடியிலேயே தங்கும் தன்மையுடையது. சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, மண்வெட்டியால் கிளறிய உடனே வெளிப்படும். இறங்குமுன் ஒருமுறை அளந்து பார்த்தால் போதும் என்று எண்ணுவதும் இதனால்தான் தவறு.

இத்தகைய விபத்துகளில் ஒருவர் மட்டும் இறப்பது குறைவு. முதலில் ஒருவர் விழுகிறார். அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குகிறார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குகிறார். அடைபட்ட இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற முயன்றவர்களே என்று அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை கூறியது. நம் நாட்டிலும், உள்ளே இறங்குபவர் இடுப்பு வாரோடு கயிறு கட்டியிருக்கவேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே பேசியிருந்தது. சட்டம் எழுதிய காலத்திலேயே அறிந்த செய்திதான். தொட்டி வாய்க்கு அது வந்து சேரவில்லை.

என் தந்தை வேலை செய்யும் இடத்தில் சென்ற ஆண்டு இப்பொருள் பற்றியே ஒரு கைபேசிப் பாடம் கொடுத்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பாடம் ‘அடைபட்ட இடம்’ என்பதன் வரையறையில் தொடங்கியது. அடுத்து ஏழு வாயுக்களின் பட்டியல், வாய்பாடுகளுடன். வினாக்களுள் ஒன்று, ஹைட்ரஜன் சல்பைடின் வாய்பாடு யாது என்பது! மேற்பார்வையாளர் எல்லாருடைய கைபேசிகளையும் வாங்கி, தாமே விடைகளை அழுத்தி, அன்று மாலைக்குள் அனைவரையும் தேர்ச்சி பெறச் செய்துவிட்டார். சான்றிதழில் தம் பெயர் அச்சாகியிருந்ததில் தந்தைக்கு மகிழ்ச்சிதான். நான் பாடத்தை அவருக்கு மீண்டும் படித்துக் காட்டியபோது, இடையில் நிறுத்தி ஒன்று கேட்டார்: “ஏன் தம்பி, உள்ளே ஒருத்தன் கெடக்கறான்னா, அவனை விட்டுப்போட்டு நாம மேலயே நிக்கோணுமா?”

ஐம்பது பக்கப் பாடத்தில் இவ்வினாவுக்கு விடை இல்லை. உயிர் போவதும் நிற்பதும் இவ்வொரு வினாவில்தான் என்பதைப் பாடத்தை எழுதியவர் அறியவில்லை.

செயலிலிருந்து தொடங்குக

‘இப்பாடத்தின் முடிவில் ஊழியர் அடைபட்ட இடங்களின் ஆபத்துகளைப் புரிந்துகொள்வார்’ என்று நோக்கம் எழுதுவது எளிது. புரிந்துகொண்டாரா என்பதை எவர் எப்படிக் காண்பது? அமெரிக்கக் கல்வியறிஞர் ராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட சிறு நூலில், நோக்கம் என்பது மூன்றைச் சொல்லவேண்டும் என்றார்: கற்றவர் என்ன செய்வார், எந்த நிலைமையில் செய்வார், எந்த அளவுக்குச் செவ்வையாகச் செய்வார். அம்முறையில் நம் பாடத்தின் நோக்கத்தை எழுதிப் பார்ப்போம். ‘உடன் வேலை செய்பவர் தொட்டிக்குள் விழுந்து கிடப்பதைக் கண்டால், ஊழியர் தாம் இறங்கமாட்டார்; பிறரையும் இறங்கவிடமாட்டார்; ஒரு நிமிடத்திற்குள் உரக்கக் குரல் கொடுத்து, 101க்கும் 108க்கும் அழைக்கச் செய்து, மேலிருந்தபடியே காற்றூதியை இயக்கி, கயிறு இருந்தால் அதனால் இழுப்பார்.’ இவ்வாறு எழுதிய மறுகணமே, ஏழு வாயுக்களின் பட்டியல் தேவையில்லை என்பது தானே விளங்கிவிடுகிறது. வாய்பாடு நமக்குத் தேர்வில் மதிப்பெண் தரும். தொட்டி வாயில் நிற்பவருக்கு அதனால் ஆவதொன்றில்லை. (வேதியியல் பயில்கின்ற நானே இப்படி எழுதுவதை எங்கள் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.)

நோக்கம் கிடைத்ததும் பாடம் எழுத உட்கார்ந்துவிடலாகாது. மேகரும் பீட்டர் பைப் என்பவரும் 1970இல் எழுதிய மற்றொரு நூல், அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றைக் காட்டுகிறது. ஊழியர் செய்யவேண்டியதைச் செய்யாதிருக்கக் காரணம் அறியாமையா, அன்றி வேறொன்றா? உயிரே போகும் என்றாலும் அவரால் அதைச் செய்ய இயலாதெனில் அங்கே பயிற்சி தேவை. இயலும் என்றால் தடையை வேறிடத்தில் தேடவேண்டும் என்பது அவர்கள் கருத்து. நம் தொழிலில் இவ்வினா உவமையன்று, உண்மை! வாயு அளக்கும் கருவி அப்பட்டறையில் இல்லை. முக்காலியும் கயிறும் இல்லை. காற்றூதி பழுதாகிக் கிடக்கிறது. இந்நிலையில் ‘கருவி கொண்டு அளந்தபின் இறங்குக’ என்று கைபேசியில் கற்பிப்பது எவருக்குப் பயன்? விபத்துக்குப்பின் ‘பயிற்சி அளித்தோம், இதோ சான்றிதழ்’ என்று காட்டப் பயன்படும்; அவ்வளவே. பாடம் அமைப்பவர் இவ்விடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டு, முதலில் கருவிகளை வாங்குக என்று முதலாளியிடம் சொல்லவேண்டும். கடினந்தான். சொல்லாவிட்டால் அவர் எழுதும் பாடம் பொய்க்குத் துணைபோகும்.

சில செய்திகளுக்குப் பாடமே வேண்டியதில்லை. அழைக்கவேண்டிய எண்களையும் அனுமதிச் சீட்டு இன்றி இறங்கலாகாது என்பதையும் மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, தொட்டி வாயருகே பெரிய எழுத்தில் ஒரு பலகை நட்டுவிடலாம். நினைவில் வைக்கவேண்டியது வேறு, பார்த்துக்கொள்ளக் கூடியது வேறு. பதற்றத்தில் பலகையைப் படிக்க நேரமிராத செயலுக்கு மட்டுமே, அதாவது ‘இறங்காதே’ என்பதற்கு மட்டுமே, பயிற்சி முழுவதையும் செலவிடவேண்டும்.

திரையில் என்ன நிகழவேண்டும்?

பொறியைக் கொண்டு கற்பிக்கும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. உளவியலார் ஸ்கின்னர் 1950களில் ஒரு கற்பிக்கும் பொறியை அமைத்தார். பாடத்தைச் சின்னஞ்சிறு படிகளாக்கி, ஒவ்வொரு படியிலும் மாணவரை விடை எழுதச் செய்து, உடனே சரிபார்க்கச் செய்வது அவர் முறை. ஏறத்தாழ அதே காலத்தில் நார்மன் கிரௌடர் என்பவர் வேறு வழியில் சென்றார். அமெரிக்க விமானப்படையினர்க்குப் பழுது கண்டறியும் பயிற்சி அளித்த அனுபவம் உடையவர் அவர். தவறான விடையைத் தேர்ந்தவரை வெறுமனே ‘தவறு’ என்று திருப்பி அனுப்பாமல், அத்தவறு ஏன் தோன்றியது என்பதை விளக்கும் தனிப் பக்கத்திற்கு அனுப்புவது அவர் முறை. 1960இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பைத் தொடங்கினார். இன்றைய கைபேசிப் பாடம் இவர்களுடைய பேரப்பிள்ளை. ஆனால் பாட்டனார் சொத்துகளுள் மிகச் சிறந்ததான கிரௌடரின் முறையைப் பேரன் பெரும்பாலும் மறந்துவிட்டான் என்றே தோன்றுகிறது.

அம்முறையில் நம் பாடத்தின் முதல் திரையை இவ்வாறு அமைக்கலாம். முகவுரை வேண்டா; முத்திரை வேண்டா. ஒரு தொட்டி வாயின் படம், ஒரு குரல். ‘காலை பதினொரு மணி. உங்கள் நண்பர் உள்ளே சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கிறீர்கள். குப்புறக் கிடக்கிறார். நாற்றம் ஏதுமில்லை. என்ன செய்வீர்கள்?’ விடைகள் மூன்று. ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவது. விளக்கொன்றை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பது. மேலேயே நின்று குரல் கொடுப்பது.

இவற்றுள் தவறான இரண்டும் தொழிலாளர் வாயிலிருந்தே கேட்டு எடுக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். எவரும் தேர்ந்தெடுக்க மாட்டாத வேடிக்கை விடைகளை நிரப்பி வைப்பது வீண். ஈரத் துண்டைத் தேர்ந்தவருக்குத் திரை சொல்லவேண்டியது இது: துண்டு தூசியைத் தடுக்கும், இவ்வாயுவைத் தடுக்காது. மூச்சை அடக்கி இறங்கினாலும், அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கும்போது மூச்சு தானே வாங்கும். அந்த ஒரு மூச்சு போதும். விளக்கைத் தேர்ந்தவருக்கு: உயிர்வளி மிகக் குறைந்திருந்தால் விளக்கு அணையும் என்பது உண்மைதான். ஆனால் பத்து இலட்சத்தில் 1000 பங்கு ஹைட்ரஜன் சல்பைடு மனிதரைச் சாய்த்துவிடும். விளக்கோ அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சேற்றிலிருந்து மீத்தேனும் வருமாதலால் தொட்டியே தீப்பற்றி வெடிக்கவும் கூடும். இவ்விடத்தில் வேதியியல் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம். கற்பவர் ஒரு முடிவை எடுத்துவிட்டுக் காரணம் கேட்டு நிற்கிறார்; அப்போது சொல்லும் காரணம் மனத்தில் தைக்கும்.

மூன்றாவது விடையைத் தேர்ந்தவரிடம் ‘சரி, பாராட்டுகள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரும் பிழை. என் தந்தையின் வினா அவர் நெஞ்சிலும் இருக்கும். ஆதலால் பாடம் அவரிடம் நேராகப் பேசவேண்டும்: ‘நீங்கள் நண்பரைக் கைவிடவில்லை. அவருக்காக வெளியில் இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களும் இறங்கிவிட்டால், இங்கே இருவர் கிடக்கிறார்கள் என்று சொல்லவும் ஆளிருக்காது.’ இச்செய்தியைச் சாயப்பட்டறையில் பல ஆண்டு உழைத்த ஒருவரின் குரலில் பதிவுசெய்வது சிறப்பு. நகரத்து நாகரிகக் குரலில் ‘அன்பார்ந்த ஊழியரே’ என்று தொடங்கினால் எவரும் செவிசாய்க்கப் போவதில்லை.

திரையில் எழுத்தையும் நிரப்பி, அதே எழுத்தைக் குரலிலும் படித்துக் காட்டும் வழக்கம் ஒன்றுண்டு. இரட்டிப்பு நன்மை போலத் தோன்றும். ரிச்சர்ட் மேயர் முதலானோர் செய்த ஆய்வுகள், படத்தைக் குரலால் விளக்கும்போது அதே சொற்களை எழுத்திலும் இட்டால் கற்றல் பெரும்பாலும் குறைகிறது என்று காட்டின. கண் எழுத்துக்கு ஓடும், படத்தை விட்டுவிடும். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லையுண்டு என்பது ஜான் ஸ்வெல்லர் 1988இல் விளக்கிய கொள்கை. ஆயினும் நம் தொழிலாளர் இடையே எழுத்து ஒரு சுமையாக மட்டும் நில்லாமல் சுவராகவே நிற்கும் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். திருப்பூர்ப் பகுதிப் பட்டறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர் உழைக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ்ப் பாடமும் உதவாது. ஒடியாவிலும் இந்தியிலும் குரல் பதிவு இல்லாத பாடம், தொட்டி வாயில் நிற்பவர்களுள் ஒரு பகுதியினரை விட்டுவிட்ட பாடமாகும்.

ஒருநாள் பாடம் போதாது

படித்ததை மனம் எவ்வளவு விரைவில் இழக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹௌஸ் தம்மைத் தாமே சோதித்து 1885இல் வெளியிட்டார். தேர்வு முடிந்த மறுவாரம் நாமும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்! இதற்கு மருந்து மீண்டும் மீண்டும் படிப்பதன்று. மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது. ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவர்கள் ஒரு வாரத்திற்குப்பின் 42 விழுக்காடு நினைவுகூர்ந்தனர்; ஒருமுறை படித்து, ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு நினைவுகூர்ந்தனர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் சோதித்தபோதோ இருமுறை படித்தவர்களே முன்னின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. பாடத்தின் இறுதியில் உடனே வைக்கும் வினாத்தாள் நம்மை ஏமாற்றுவதன் இரகசியம் இதுவே.

எனவே அரை மணி நேரப் பாடத்தை ஒரே நாளில் முடிப்பதைவிட ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி, மூன்றாம் நாளிலும், இரண்டாம் வாரத்திலும், இரண்டாம் மாதத்திலும், தொட்டி சுத்தம் செய்யும் நாளின் காலையிலும் ஒவ்வொரு நிகழ்ச்சியாக அனுப்புவது பயன் தரும். ஒருமுறை உள்ளே விழுந்தவர் நண்பர், மறுமுறை தம்பி, இன்னொருமுறை ‘இறங்கு, இறங்கு’ என்று முதலாளியே கத்துகிறார். சூழ்நிலை மாறினாலும் விடை மாறாது என்பதைக் கை பழகவேண்டும்.

கை பழகுவதற்குத் திரை மட்டும் போதாது என்பதையும் சொல்லியாகவேண்டும். இடுப்பு வாரைப் பூட்டுவதையும், முக்காலியின் கைப்பிடியைச் சுற்றுவதையும் படத்தில் பார்த்துக் கற்க இயலாது. நீச்சலை நூலில் கற்பது போலத்தான். மணல் மூட்டையொன்றைத் தொட்டிக்குள் போட்டு, முன்னறிவிப்பின்றி ஒருநாள் குரல் எழுப்பி, எத்தனை பேர் இறங்க ஓடுகிறார்கள், முதல் அழைப்பு எத்தனை நொடியில் போகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஓடி வருபவர் இறங்கிவிடாதபடி வாயில் முதலில் ஒரு கம்பி வலையை இட்டு வைப்பது முக்கியம். பயிற்சியை அளப்பதற்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதிய கட்டுரைகளில் நான்கு படிகளைக் காட்டினார்: கற்றவர்க்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா. மணல் மூட்டைச் சோதனை மூன்றாம் படி. ‘நூறு விழுக்காடு ஊழியர் பாடத்தை முடித்துவிட்டனர்’ என்னும் அறிக்கையோ முதற்படியையும் எட்டாதது.

இதுவரை தொட்டி வாயில் நிற்பவருக்கான பாடத்தையே பேசினோம். இறங்கச் சொல்பவருக்கும் ஒரு பாடம் வேண்டாவா? அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் மேற்பார்வையாளருக்கு இத்தகைய பாடத்தில் ஓரிடமும் ஒதுக்கப்படுவதை நான் கண்டதில்லை. அவருடைய செயல் ஒன்றே ஒன்று: கையெழுத்திடுவது, அல்லது மறுப்பது. அவர் பாடத்தின் முதல் திரை இப்படி இருக்கலாம். வாயு அளக்கும் கருவியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. சேற்றை ஏற்றிச் செல்லும் லாரி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்கிறார். நேற்று இதே தொட்டியில் இறங்கியவர்கள் நலமாகத்தான் மேலே வந்தார்கள். முதலாளி தொலைபேசியில் காத்திருக்கிறார். சீட்டு மேசைமேல் இருக்கிறது.